வாசகர் கேள்வி – பதில்: சுருதி சேர்த்ததற்கே கைதட்டிய சபை

நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடந்த வங்கதேச நிவாரணக் கச்சேரியைப் பற்றி, சென்ற இதழில் ஒரு கேள்விக்கு நான்கு வரிகளில் பதில் சொல்லியிருந்தேன். பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் மேதை பண்டிட் ரவி சங்கரும் சேர்ந்து நடத்திய கச்சேரி அது. அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, அவற்றை இன்னும் பத்து வரிகளாவது நீட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அந்தக் குறையைத் தீர்க்க இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அந்தக் கச்சேரி புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். போர் அகதிகளுக்காக நடந்தது என்று என் பேரன் படித்துக் காட்டுகிறான். எது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஆசிரியராகிய நீங்கள் திருத்தினால் பேரனுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதி மதிப்பெண் தருவீர்கள். சுருக்கமாக எழுத முயன்றதில் ஒரு பாதியை விழுங்கிவிட்டேன்.

1970 நவம்பர் 12-ஆம் தேதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தான் என்று அழைக்கப்பட்ட இன்றைய வங்கதேசத்தின் தென்கோடியில், போலா, ஹாத்தியா, மன்புரா முதலிய தீவுகளைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள்; 5 லட்சம் என்று கணக்கிடுவோரும் உண்டு. அவர்களைக் காற்றைவிட நீரே அதிகம் கொன்றது. வங்காள விரிகுடா அங்கே ஒரு புனலைப் போலக் குறுகுகிறது. கடலடியும் ஆழம் குறைந்தது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவாகி, கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்து நிற்கும் திட்டுகளில்தான் மக்கள் குடியேறிப் பயிர் செய்துவந்தார்கள். அந்த இரவில் கடலின் ஏற்றமும் புயல் எழுப்பிய அலையும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தன. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பிழைத்தவர்களை பின்னர்ப் பரிசோதித்த மருத்துவர்கள், பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் ஒரே வகையான சிராய்ப்புக் காயங்களைக் கண்டார்கள். நீர் வடியும்வரை மரத்தைக் கட்டிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. அப்படி இறுகப் பற்றிக்கொள்ள வலு இல்லாதவர்களே குழந்தைகளும் முதியோரும்.

பாகிஸ்தானின் இராணுவ ஆட்சியாளர் யாகியா கானின் அரசு நிவாரணப் பணிகளை மிக மெத்தனமாக நடத்தியது என்ற கோபம், அடுத்த மாதமே நடந்த தேர்தலில் வெளிப்பட்டது. கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றது. புயல் அடித்த சில தொகுதிகளில் மட்டும் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து ஜனவரியில் நடத்தினார்கள். வென்றவர்களிடம் ஆட்சியைக் கொடுக்க மறுத்த இராணுவம் 1971 மார்ச் 25-ஆம் தேதி இரவு டாக்கா நகரின்மீது பாய்ந்தது. அதன்பின் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1 கோடியை எட்டியது. மேற்கு வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம், மேகாலயா ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களில் மழைக்காலத்தில் காலரா பரவியது. புயலில் தப்பியவர்கள் மூச்சுவிட்டு நிமிர்வதற்குள் போர் வந்துவிட்ட ஒரு நாட்டுக்காகத்தான் அந்தக் கச்சேரி நடந்தது என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஹாரிசனும் ரவி சங்கரும் பேசியபோதும் இந்த இரண்டு துயரங்களையும் பிரித்துப் பார்க்கவில்லை.

கேள்வி: ரவி சங்கர் காசியில் பிறந்தவர் என்று படித்திருக்கிறேன். அவருக்கும் அந்த நாட்டுக்கும் என்ன தொடர்பு? அந்த மேடையில் நம் பக்கத்துக் கலைஞர் எவரேனும் இருந்தாரா?
– வாசகி, மதுரை

பதில்: அவர் 1920-இல் காசியில் பிறந்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசூர் பகுதி. வீட்டில் பேசிய மொழி வங்காளி. அவருடைய குரு உஸ்தாத் அலாவுதீன் கானும் இன்றைய வங்கதேசத்தின் பிராமண்பாரியா பகுதியில் பிறந்தவர். அன்று சரோத் என்னும் தந்தி வாத்தியத்தை வாசித்த அலி அக்பர் கான் அந்தக் குருவின் மகன். ஆக, சிதாரும் சரோதுமாக முன்வரிசையில் அமர்ந்த இருவருக்கும் அழிந்துகொண்டிருந்தது தந்தை வழி ஊர். தபேலா வாசித்த அல்லா ரக்கா ஜம்முவைச் சேர்ந்தவர்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தம்பூரா மீட்டியவர் கமலா சக்ரவர்த்தி. சென்னையோடு தொடர்புடைய தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கர்நாடக இசையும் பரதமும் பயின்று பிறகு இந்துஸ்தானி வாய்ப்பாட்டில் பெரும்பெயர் பெற்ற லக்ஷ்மி சங்கரின் தங்கை. இரண்டு காட்சிகளிலுமாக ஏறத்தாழ 40,000 பேர் கேட்ட கச்சேரிக்குச் சுருதி கொடுத்தவர் அவர். நம் சபாக்களிலும் தம்பூரா மீட்டுபவரின் பெயரை அழைப்பிதழில் அச்சிடாத வழக்கம் பெரும்பாலும் இருக்கிறது. இதைப் படிக்கும் சபாச் செயலாளர்கள் யாரேனும் இருந்தால் அடுத்த டிசம்பரிலாவது மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சுருதி சேர்த்ததையே பாட்டு என்று நினைத்து அமெரிக்கர்கள் கைதட்டினார்களாமே, மெய்யா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெய்தான். கலைஞர்கள் வாத்தியங்களைச் சரிபார்த்து முடித்ததும் அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவி சங்கர் ஒரு வாக்கியம் சொன்னார். அதில் கேலியும் மரியாதையும் சரிபாதி கலந்திருந்தன. வாசிக்கும்போது புகைபிடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இதைச் சொல்லி அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராக் இசைக்காகக் காசு கொடுத்து வந்த கூட்டம், புரியாத ஓர் இசையின் முதல் ஒலியையே மரியாதையோடு வரவேற்றது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலைக்கு எழுந்துபோகும் நாம் அவர்களைக் கேலி செய்யும் இடத்தில் இல்லை.

கேள்வி: நான் ஒரு தணிக்கையாளர். இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, எப்போது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கச்சேரியைப் பற்றி இதுவரை எழுதியவர்களில் பலர், யார் எந்தப் பாட்டைப் பாடினார் என்பதற்குத் தந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட உங்கள் கேள்விக்குத் தந்ததில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரவி சங்கர் முதலில் நினைத்தது 25,000 டாலர் அளவுக்குத் திரட்டித் தரும் ஒரு கச்சேரியைத்தான். 1971 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் சீடரும் நண்பருமான ஹாரிசனிடம் இதைச் சொன்னபோது, ஹாரிசன் அதைப் பன்மடங்கு பெரிதாக்கினார். ஐந்தாறு வாரங்களுக்குள் ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி பிரெஸ்டன், லியோன் ரஸ்ஸல் முதலியோரைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்த்தார். பாப் டிலன் மேடையேறுவாரா என்பது கடைசி நாள்வரை ஹாரிசனுக்கே உறுதியாகத் தெரியாது, ஏறினார். பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி என்று இரண்டு காட்சிகள் நடந்தன. கலைஞர்கள் ஊதியம் பெறவில்லை. நுழைவுச்சீட்டு வசூலாக 2,43,418 டாலர் 50 சென்ட் கிடைத்தது. அதற்கான காசோலை அதே மாதத்தில் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அமைப்புக்கு வழங்கப்பட்டது. இதுவரையில் உங்களைப் போன்றவர் சிவப்பு மையில் கோடு போட ஒன்றுமில்லை.

சிக்கல் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்தது. பெரும்பணம் அவற்றில்தான் இருந்தது. மூன்று தட்டுகள் அடங்கிய அந்தப் பதிவு ஆகஸ்டில் முடிந்த கச்சேரிக்கு அடுத்த மாதமே வந்திருந்தால் சூடு ஆறாமல் விற்றிருக்கும். ஆனால் வெவ்வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்த கலைஞர்கள் ஒரே தட்டில் இடம்பெறுவதற்கு அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் பேரம் பேசி முடிப்பதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது. ஹாரிசன் நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றித் தம் எரிச்சலை வெளிப்படையாகவே கொட்டினார். இடைப்பட்ட காலத்தில் திருட்டுப் பதிவுகள் கடைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களின் பணத்தில் ஒரு சென்ட்கூட எந்த முகாமுக்கும் போகவில்லை. முறையான தட்டு வந்தபின் அது பெருமளவில் விற்றது. 1973-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதும் பெற்றது.

அந்தப் பணம் ஏன் உடனே போகவில்லை என்பதற்கான காரணம் ஒரு படிவத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, வருமானத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், பணம் வருவதற்கு முன்பே அது அறச்செயலுக்கானது என்று காட்டும் ஏற்பாடு சட்டப்படி நிறைவேறியிருக்க வேண்டும். ஐந்தாறு வார அவசரத்தில் அதைச் செய்யவில்லை; யுனிசெஃபை முன்கூட்டியே சட்டப்படி இணைத்துக்கொள்ளவும் இல்லை. எனவே வருமான வரித்துறையின் கண்ணில் அது ஒரு வணிக நிறுவனத்தின் சாதாரண வருவாயாகவே தெரிந்தது. பிரிட்டனிலும் இசைத்தட்டு விற்பனைக்கு உரிய வரியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் இணங்கவில்லை. விளைவாகப் பெருந்தொகை பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1980-களின் தொடக்கத்தில்தான் ஏறத்தாழ 88 லட்சம் டாலர் யுனிசெஃபை அடைந்தது. 1985 அளவில் எல்லாவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர் வங்கதேசத்துக்காகச் சென்றதாகக் கணக்கு. 1971-இல் காலராவுக்கு உப்புநீர் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்த மூன்று வயதுக் குழந்தை, பிழைத்திருந்தால், அந்தப் பெரிய காசோலை வந்தபோது பத்து வயதைத் தாண்டியிருக்கும்.

இதில் யாரும் திருடவில்லை என்பதே எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது. நல்லெண்ணம் முழுமையாக இருந்தது; ஒரு வழக்கறிஞரையும் ஒரு தணிக்கையாளரையும் முதல் வாரத்திலேயே அமர்த்தும் நிதானம் இல்லை. எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. இளைஞனாக இருந்தபோது, எங்கள் ஊரில் வெள்ள நிவாரணத்துக்கென்று ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நடத்திய குழுவில் நானும் இருந்தேன். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, மின்விளக்கு, வந்த பிரமுகர்களுக்குப் பொன்னாடை, பாடியவர்களுக்கு வண்டிச்சத்தம், எல்லாருக்கும் சாப்பாடு என்று எழுதிக் கழித்தபின் கையில் நின்ற தொகை, மேடைக்குப் பின்னால் கட்டிய பூ அலங்காரத்தின் செலவைவிடக் குறைவாக இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் சீட்டு வாங்காமல், அந்தக் காசை நேராகத் தாசில்தார் அலுவலகத்தில் கட்டியிருந்தால் இன்னும் இரண்டு குடும்பங்களுக்குக் கூரை வேய்ந்திருக்கலாம்.

கேள்வி: நட்சத்திரங்கள் ஒரு நாள் பாடுவதால் ஒரு கோடி அகதிகளுக்கு என்ன கிடைத்துவிடும்? இது விளம்பரம் தவிர வேறென்ன?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய நுழைவுச்சீட்டு வசூலை 1 கோடி பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டரை சென்ட்கூட வராது. அந்த அகதிகளுக்கு உணவிட்ட பெருஞ்சுமை இந்திய அரசாங்கத்தின் மீதும், முகாம்களைச் சுற்றியிருந்த எளிய ஊர்களின் மீதும்தான் விழுந்தது. பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உங்கள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் அந்த நிகழ்ச்சியின் பெயரைக் கவனியுங்கள். 1971 ஆகஸ்டில் உலக வரைபடத்தில் வங்கதேசம் என்ற நாடு இல்லை. இந்தியா அதை அங்கீகரித்ததே டிசம்பர் 6-ஆம் தேதிதான்; அமெரிக்கா அங்கீகரிக்க 1972 ஏப்ரல் ஆயிற்று. அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசு அப்போது பாகிஸ்தான் பக்கம் நின்றது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரியான ஆர்ச்சர் பிளட், தம் அரசு கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கண்டிக்கும் தந்தியை ஏப்ரலிலேயே வாஷிங்டனுக்கு அனுப்பி, அதன் காரணமாகப் பதவியிலிருந்து மாற்றப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட வேளையில், நியூயார்க்கின் நடுவே, ஓர் அரசாங்கம் உச்சரிக்க விரும்பாத பெயரைக் கச்சேரிக்கே சூட்டி, அதே பெயரில் ஒரு பாடலையும் எழுதிப் பாடினார்கள் என்றால், நீங்கள் சொல்லும் விளம்பரம் யாருக்குக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் அந்தப் பெயர் உலகம் முழுவதும் தெரிந்துவிட்டது என்று ரவி சங்கர் பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்தார். அதற்கு விலைப்பட்டியல் கிடையாது.

நட்சத்திரங்களின் நோக்கத்தைப் பற்றி உங்களைப் போலவே எனக்கும் சந்தேகம் எழுவதுண்டு. அப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கச்சேரி முடிந்தபின்னும் அவர் அதோடு இருந்தாரா? கஸ்தூர்பா நினைவு நிதிக்காக 1944-இல் ஐந்து கச்சேரிகள் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி, அதன்பின் வாழ்நாள் முழுவதும் நற்பணிகளுக்காகப் பாடிக்கொண்டே இருந்தார். அந்த நிதி இயற்கைப் பேரிடருக்கானது அல்ல என்றாலும் அளவுகோல் பொருந்தும். ஹாரிசன் பத்தாண்டுகளுக்கும் மேலாக வரிக்கணக்கோடு மல்லாடினார். விளம்பரத்துக்காக வந்தவர் அத்தனை காலம் வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கம், தமிழ்நாட்டில் வெள்ளத்தால் வீடிழந்தவர்களுக்காக இங்கே ஓர் இன்னிசை இரவு நடத்த நினைக்கிறது. எங்கள் சொந்த ஊரில் உள்ள சிறிய அறக்கட்டளை ஒன்றுக்குப் பணத்தை அனுப்பலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: பாடகரை ஒப்பந்தம் செய்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. அந்தச் சிறிய அறக்கட்டளை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் இந்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லை என்றால் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அவர்களுக்குத்தான் ஆபத்து. பதிவு இருந்தாலும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்புக்கு அனுப்பி, அங்கிருந்து சிறிய அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் சங்கத்தில் எவரேனும் யோசனை சொல்வார். முன்பு பலரும் செய்தது அதுதான், ஆனால் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிக் கைமாற்றுவதைத் தடை செய்துவிட்டது. ஆகவே வெள்ளம் பாய்ந்த ஊரில் தாமே நேரடியாக வேலை செய்கிற, பதிவு பெற்ற அமைப்பைத் தேடிப் பிடிப்பதே ஒரே வழி.

உறுப்பினர்களில் இந்தியக் கடவுச்சீட்டை இன்னும் வைத்திருப்பவர்கள், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தனியே அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள், பிறந்த ஊர் மன்னார்குடியாகவே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. சங்கத்தின் பெயரால் நுழைவுச்சீட்டு விற்றுத் திரட்டும் பணம் வெளிநாட்டுப் பணம் என்பதில் ஐயமே இல்லை. உங்கள் நாட்டு வரிச்சட்டத்தில் நுழைவுச்சீட்டின் முழு விலைக்கும் நன்கொடை ரசீது தர முடியுமா என்பதை அங்குள்ள கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக, பாட்டுக் கேட்டதற்கான விலை போக எஞ்சியதுதான் நன்கொடை என்பது பல நாடுகளின் நிலை.

எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985-இல் லைவ் எய்ட் கச்சேரிகளை நடத்திய பாப் கெல்டாஃப், முன்பே ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்துவிட்டுத்தான் மேடையைப் பற்றி யோசித்தார். சூடு கண்ட ஹாரிசன் அவருக்குச் சொன்ன அறிவுரையும் பணம் போகும் வழியை முதலில் சரிசெய் என்பதுதான். இன்னொன்று: அரங்க வாடகையையும் கலைஞர்களின் விமானக் கட்டணத்தையும் புரவலர் ஒருவர் தனியாக ஏற்றுக்கொள்ளாவிட்டால் நிகழ்ச்சியை நடத்தாதீர்கள். சென்னையிலிருந்து பத்துப் பேர் கொண்ட வாத்தியக் குழுவை வரவழைப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபின், உள்ளூர்ப் பிள்ளைகளையே பாடவைக்கலாம் என்று உங்கள் செயற்குழு முடிவெடுத்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: ஆழிப்பேரலையில் என் தாத்தாவை இழந்தேன், அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்களுக்காக எங்கெங்கோ பாட்டுக் கச்சேரி நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் மூட்டை மூட்டையாகப் பழைய துணி. அந்தப் பாடகர்கள் எங்களை நினைத்துத்தான் பாடினார்களா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துவிட்டு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு நான்கு வாரம்கூட ஆகாத 2005 ஜனவரி 22-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர விளையாட்டரங்கில் நடந்த கச்சேரிக்கு ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். எரிக் கிளாப்டன் அங்கேயும் வாசித்தார். திரண்டது ஏறத்தாழ 12 லட்சத்து 50 ஆயிரம் பவுன். பிரிட்டிஷ் மக்கள் அதே பேரிடருக்காக அந்நாட்டு நிவாரண அமைப்புகளின் கூட்டு நிதிக்குக் கொடுத்த மொத்தத் தொகை 39 கோடி பவுனுக்கு மேல். அதாவது, ஆயிரத்தில் மூன்று பங்குதான் மேடையிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் பாட்டும் விளக்கும் இல்லாமல், வீட்டுக்கூடத்தில் தொலைக்காட்சியில் உங்கள் கடற்கரைகளைப் பார்த்தவர்கள் எழுந்துபோய்க் கட்டிய பணம். அந்தப் பணம் பல நாடுகளுக்குப் பங்கிடப்பட்டது; இந்தியக் கடற்கரைக்கும் ஒரு பங்கு வந்தது.

உங்கள் கேள்விக்கு நேராகச் சொன்னால், பாடியவர்களில் பலருக்கு நாகப்பட்டினம் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. அலையைத்தான் நினைத்திருப்பார்கள், உங்களை அல்ல. துணி மூட்டைகளின் கதை எனக்குத் தெரியும். சாலையோரம் மலைபோலக் குவிந்து மழையில் நனைந்து நாறிக் கிடந்தவற்றை நானே பார்த்தேன். உழைத்துப் பிழைத்த மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்துக் கழித்ததைத் தொட மறுத்ததில் ஒரு தவறும் இல்லை. கச்சேரிக்குப் போனவர் காசு கொடுத்தார். காசு எந்த உருவத்துக்கும் மாறும், படகாகவும் வலையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் ஆகும். பழைய துணி பழைய துணியாகவே வந்து சேரும். ஒரு நிகழ்ச்சியாவது உங்கள் தெருவில், நீங்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க நடந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அதை எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.

கேள்வி: அந்த 1971 கச்சேரியை இப்போது கேட்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியும். 2005-இல் பதிவும் படமும் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளிவந்தன. விற்பனையின் வருவாய், ஹாரிசன் பெயரில் யுனிசெஃபுக்காக அமைக்கப்பட்ட நிதிக்குச் செல்கிறது. ஆகவே இரவல் வாங்காமல் விலை கொடுத்தே கேளுங்கள். பழைய மூன்று தட்டுகளில் முதல் தட்டின் முதல் பக்கம் முழுவதும் ரவி சங்கர் குழுவினருடையது. ‘பங்களா துன்’ என்று பெயர். வங்காள நாட்டுப்புற மெட்டின் சாயலில் அமைந்தது, நம் கச்சேரியின் கடைசியில் துக்கடா என்னும் சிறு உருப்படி வரும் இடத்தில் வைக்கத் தக்கது, ஆனால் அவர்கள் அதையே கச்சேரியின் தொடக்கமாக வைத்து ஏறத்தாழ கால் மணி நேரம் வாசித்தார்கள். சிதாரும் சரோதும் மாறி மாறிக் கேட்டுச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் தபேலாவோடு ஓடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அதற்குச் சற்று முன்னால், சுருதி சேர்த்ததற்குக் கிடைத்த அந்தக் கைதட்டலும் பதிவாகியிருக்கிறது.